காட்டுங்கோ பார்ப்பம்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவக் கருத்தரங்கில், பொது வைத்திய நிபுணரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது உயர்தர வகுப்பில் படித்தபோது, ஒரு விவாதப் போட்டிக்காக. அன்று தோற்றுப்போனோம். இன்றைக்கு எதிரணி இல்லை என்ற துணிவில் வந்திருக்கிறேன்.

நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைக் கூப்பிட்டால் இருதயம் பற்றியோ புற்றுநோய் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கொண்டுவந்திருப்பது இந்தப் பிளாஸ்ரிக் குழாய்தான். சின்னத் தண்ணீர்ப் போத்தல் அளவு. ஒரு முனையில் இன்ஹேலரைப் பொருத்தலாம், மறுமுனையில் வாயை வைக்கலாம். இதன் பெயர் ஸ்பேசர். உள்ளே மோட்டரும் இல்லை, பற்றரியும் இல்லை. பார்த்தால் ஏதோ விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இதைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. பிறகு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குத் தொய்வு வருத்தம் இருந்தது. விறகடுப்புப் புகையும், சோக்குத் தூளும், மாரிக் குளிரும் சேர்ந்து அவரைப் படாத பாடு படுத்தின. நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவேன். அம்மாவிடம் நீல இன்ஹேலரும் இருந்தது, மண்ணிற இன்ஹேலரும் இருந்தது. வரும்போதெல்லாம் கேட்பேன், "அம்மா, ஒழுங்கா எடுக்கிறீங்களோ?" அவரும் சொல்லுவார், "ஓம் பிள்ளை, காலையும் பின்னேரமும் எடுக்கிறன்."

எடுத்தது உண்மை. ஆனாலும் முட்டுக் குறையவில்லை. நான் மருந்தின் அளவைக் கூட்டினேன். பிறகு இன்னொரு மருந்தைச் சேர்த்தேன். மூச்சு முட்டி வைத்தியசாலையில் அனுமதிக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பிரட்னிசலோன் குளிசை கொடுத்தார்கள். உயிரைக் காக்கும் மருந்துதான். ஆனால் அடிக்கடி விழுங்கினால் சீனி வருத்தத்தைக் கிளப்பும், எலும்பைத் தேய்க்கும். இரண்டும் அம்மாவுக்கு வந்தன. கிணற்றடியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அப்படி ஆறு வருடம் போனது. ஏழாம் வருடம் ஒரு கிளினிக் நாளன்று அம்மாவோடு நானும் போயிருந்தேன். அங்கே இருந்த தாதி, என்னிலும் பதினைந்து வயது குறைந்த பிள்ளை, கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "அம்மா, நீங்கள் இதை எப்பிடி எடுக்கிறனீங்கள்? ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ பார்ப்பம்."

அம்மா இன்ஹேலரை எடுத்தார். மூடியைக் கழற்றினார். வாயில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தார். இழுத்து முடித்த பிறகு அமுக்கினார். மருந்து முழுவதும் வாய்க்குள் இருந்து வெண்புகையாக வெளியே வந்தது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புகையிலையின் தீமை பற்றிப் பேசிய நான், மாணவ வைத்தியர்களுக்குத் தொய்வு பற்றிப் படிப்பித்த நான், ஆறு வருடத்தில் ஒரு நாளாவது என் தாயிடம் "காட்டுங்கோ" என்று கேட்டதில்லை. "எடுக்கிறீங்களோ" என்றுதான் கேட்டேன். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

அன்று பின்னேரம் வீட்டில் அம்மாவிடம் கேட்டேன், "சரியா எடுக்க ஏலாமல் இருக்கெண்டு ஏனம்மா சொல்லேல்லை?" அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் நிற்கிறது. "கை விரல் நோகுது, அமுக்கிற நேரம் பிந்திப் போகுதெண்டு எனக்கும் தெரியும். ஆனா நாப்பது வருசம் படிப்பிச்சனான், இதுகூடத் தெரியாதோ எண்டு நீ நினைப்பாய் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

அன்பானவர்களே, இந்த வெட்கம் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இன்ஹேலர் எப்படி வந்தது என்பதில் நம் மாணவிகள் அறிய வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் தொய்வு வருத்தமுள்ள ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி, தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிறேயைப்போல என் மருந்தையும் ஒரு ரின்னில் அடைத்துத் தரமுடியாதா என்று தகப்பனிடம் கேட்டாள். அதற்கு முன் அவள் பாவித்தது கையால் அமுக்கும் கண்ணாடி நெபுலைசர். கனமானது, உடையக்கூடியது. தகப்பன் ஜோர்ஜ் மெய்சன், றைக்கர் என்ற மருந்துக் கம்பனியின் தலைவர். 1956இல் அந்தக் கம்பனி, அளந்து மருந்து தரும் முதல் இன்ஹேலரை விற்பனைக்கு விட்டது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கேள்வியிலிருந்து வந்த கருவி அது. பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஆனால் அந்தச் சின்ன ரின்னில் ஒரு சிக்கல் உண்டு. அமுக்கியதும் மருந்து மிக வேகமாகப் பாய்ந்து வருகிறது. அதே கணத்தில் நாம் மெதுவாக, ஆழமாக மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அமுக்குவது வேகம், இழுப்பது மெதுவு. கையும் மூச்சும் ஒன்றுசேர வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும், பழைய மாதிரி இன்ஹேலர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு மருந்துதான் நுரையீரலைச் சேருகிறது. மிச்சம் நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். பிழையாகச் செய்தால் அந்தப் பங்கும் இல்லை.

கிளினிக்கில் "காட்டுங்கோ" என்று கேட்கத் தொடங்கிய பிறகு நான் கண்டவற்றைச் சொல்கிறேன். மூடியைக் கழற்றாமலே அமுக்குபவர்கள் உண்டு. வாயில் வைத்து அமுக்கிவிட்டு மூக்கால் மூச்செடுப்பவர்கள் உண்டு. குலுக்க மறப்பவர்கள், நாக்கால் வழியை மறிப்பவர்கள், நேரம் மிச்சம் என்று ஒரே மூச்சில் இரண்டு தரம் அமுக்குபவர்கள் உண்டு. மருந்து முடிந்த இன்ஹேலரை இரண்டு மாதமாக அமுக்கிக்கொண்டிருந்த ஓர் ஐயாவையும் பார்த்தேன். இவர்கள் ஒருவரும் படிப்பறிவில்லாதவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கடை முதலாளி, ஆசிரியை என்று எல்லாரும் இருந்தார்கள்.

இது எங்கள் ஊர்க் குறையும் அல்ல. 1975 முதல் 2014 வரை உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. இன்ஹேலரைச் சரியாகப் பாவித்தவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான். அந்த நாற்பது வருடத்திலும் நிலைமை திருந்தவில்லை என்றும் அது சொன்னது. ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகள் பரீட்சை எழுதி முப்பத்தொரு பேர்தான் சித்தியடைந்தால், பிள்ளைகளைப் பேசமாட்டோம். படிப்பித்தவரையும் வினாத்தாளையும்தான் பார்ப்போம். நோயாளியை மட்டும் ஏன் பேசுகிறோம்?

இனி இந்தக் குழாய்க்கு வருவோம். ஸ்பேசர் செய்வது ஒரே ஒரு வேலை. மருந்துக்கும் வாய்க்கும் இடையில் கொஞ்ச இடம் விடுகிறது. பாய்ந்து வரும் மருந்து குழாய்க்குள் வந்து வேகம் குறைகிறது. பெரிய துளிகள் உங்கள் தொண்டையில் படியாமல் குழாயின் சுவரில் படிகின்றன. நுண்ணிய துளிகள் மூச்சோடு நுரையீரலுக்குப் போகின்றன. அமுக்குகிற கணமும் மூச்சிழுக்கிற கணமும் துல்லியமாகப் பொருந்த வேண்டிய கட்டாயம் குறைகிறது. ஒரு வழிக் கதவு உள்ள ஸ்பேசரில், வெளிவிடும் மூச்சு மருந்தைத் தள்ளிவிடாது.

இன்னொரு நன்மையும் உண்டு. மண்ணிற இன்ஹேலரில் இருப்பது ஸ்டீரொயிட். அது தொண்டையில் படிந்தால் குரல் கம்மும், வாயில் வெண்படலம் வரும். ஆசிரியைகளும் பாட்டுக்காரரும் இதற்குப் பயந்து, நோயை அடியில் கட்டுப்படுத்தும் இந்த மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பேசரால் எடுத்து, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

எடுக்கும் முறை இதுதான். நிமிர்ந்து இருங்கள். இன்ஹேலரைக் குலுக்குங்கள். மூடியைக் கழற்றி ஸ்பேசரில் பொருத்துங்கள். மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக்கமாகப் பிடியுங்கள். ஒரு தரம் அமுக்குங்கள். உடனே மெதுவாக, ஆழமாக இழுத்து, முடிந்தால் பத்து விநாடி அடக்குங்கள். அடக்க ஏலாதவர்கள், சிறுபிள்ளைகள், முட்டோடு இருப்பவர்கள் சாதாரணமாக ஐந்தாறு தரம் மூச்செடுத்து விட்டால் போதும். இரண்டாம் தடவை வேண்டுமென்றால் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, மறுபடி ஒரு தரம். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் வேண்டும். அந்த முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும்.

ஸ்பேசரிலும் பிழை விடலாம். நான்கு தரம் அமுக்கி நிரப்பிவிட்டு ஒரேயடியாக இழுப்பது பிழை. அமுக்கிவிட்டு ஆறுதலாக வாயில் வைப்பது பிழை, மருந்து குழாயிலேயே படிந்துவிடும். சில ஸ்பேசர்கள் விசிலடிக்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் விசில் கேட்டால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். புதிதாக வாங்கியதும், பிறகு மாதம் ஒரு தடவையும் சவர்க்கார நீரில் கழுவி, தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்ரிக்கில் நிலைமின் ஏறி மருந்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். இது எங்கள் பௌதிகவியல் ரீச்சர் சீப்பையும் கடதாசித் துண்டையும் வைத்துக் காட்டிய அதே பாடம்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். கப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சும் தூள் மருந்துக் கருவிக்கு ஸ்பேசர் பொருந்தாது. அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் கப்ஸ்யூலை விழுங்கக் கூடாது. சிரிக்காதீர்கள், விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். யாரும் செய்து காட்டாததால் விழுங்குகிறார்கள்.

"டொக்டர், இது குழந்தைப் பிள்ளைகளுக்கு உள்ளதெல்லோ?" என்று பலர் கேட்பார்கள். இல்லை. விரல் மூட்டு நோகும் முதியவருக்கும், கை நடுங்குபவருக்கும், முட்டு வந்து பதறும் எவருக்கும் உரியது. மூச்சு முட்டும்போது எவருக்கும் கையும் மூச்சும் ஒன்றுசேராது, எனக்கும்தான். "நெபுலைசர் பிடிச்சால்தான் சுகம் வரும்" என்று இன்னும் சிலர். வைத்தியசாலைக்கு வரும் சாதாரண, நடுத்தர முட்டுக்கு, ஸ்பேசர் வழியாகப் போதிய அளவு நீல மருந்து கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைகளில் நெஞ்சுப் படபடப்பும் குறைவு. கொவிட் காலத்தில், நெபுலைசரால் கிருமி பரவலாம் என்ற பயத்தில் பல நாடுகளின் வைத்தியசாலைகள் ஸ்பேசருக்கு மாறியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

"விலை" என்பார்கள். இது நியாயமான கவலை. கிளினிக்கில் இன்ஹேலரை இலவசமாகப் பெறும் பலர் ஸ்பேசரை வெளியே பாமசியில் வாங்க வேண்டியிருக்கிறது. தென்னாபிரிக்காவின் கேப் ரவுணில் ஹெதர் சார் என்ற குழந்தை வைத்திய நிபுணரும் அவரது குழுவினரும் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். 500 மில்லிலீற்றர் குளிர்பானப் போத்தலின் அடியில், இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி, போத்தலின் கழுத்துப் பக்கத்தால் பிள்ளைகளை மூச்செடுக்க வைத்தார்கள். முட்டோடு வந்த பிள்ளைகளில் அது கடையில் வாங்கும் ஸ்பேசரைப் போலவே வேலை செய்தது. 1999இல் லான்செட் சஞ்சிகையில் அதை எழுதினார்கள். றெஜிபோம் கோப்பை அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை என்றும் சொன்னார்கள். நல்ல ஸ்பேசர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், வெறும் கையோடு இருக்க வேண்டியதில்லை.

கடைசித் தடைதான் பெரியது. அண்மையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அதன் தாய் கூட்டிவந்தார். விளையாட்டுப் பயிற்சியில் முட்டு வந்து மயங்கியிருக்கிறாள். புத்தகப்பையில் இன்ஹேலர் இருந்தது. எடுக்கவில்லை. ஏன் என்றேன். பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் தலையைக் குனிந்துகொண்டு, "பொம்பிளைப் பிள்ளை டொக்டர். ஊருக்குத் தெரிஞ்சால் நாளைக்குக் கலியாணம் பேசேக்க…" என்று நிறுத்தினார்.

அந்தத் தாயை நான் பேசவில்லை. அவர் பயத்துக்குக் காரணம் அவர் மட்டும் அல்ல, நாங்கள் எல்லோரும்தான். "தொய்வுக்காரி" என்று சொல்லும் வாய் எங்களுடையது. தொய்வு ஒட்டுகிற நோய் அல்ல. ஒழுங்காக மருந்தெடுத்தால் ஓடலாம், பாடலாம், பிள்ளை பெறலாம். மறைத்தால் ஒரு நாள் மூச்சு நின்றுவிடலாம். அதற்கு இந்தக் கருவியை நாலுபேர் முன்னால் வெளியே எடுக்கும் சுதந்திரம் ஒரு பிள்ளைக்கு வேண்டும். நூறு வருடத்துக்கு முன் பெண் பிள்ளை புத்தகத்தோடு வீதியில் நடப்பதற்கே வெட்கப்பட்ட சமூகத்தில்தான் இந்தக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அந்த வெட்கத்தை உடைத்த இடம் இது. இதையும் உடைக்கலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது கல்லூரிக்கு. நோயாளர் அறையில் ஒரு நீல இன்ஹேலரும், ஸ்பேசர்களும், அவற்றைப் பாவிக்கத் தெரிந்த இரண்டு ஆசிரியைகளும் இருக்கட்டும். ஸ்பேசரைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றிப் பாவிக்காமல் புதிதாகக் கொடுங்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு அங்குள்ள "நாலு கணக்கு" தெரிந்திருக்கும். ஒரு தரம் அமுக்கி நாலு மூச்சு. அப்படி நாலு தரம். நாலு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி அதே நாலு. அப்போதும் குறையாவிட்டால் அம்புலன்ஸ். இங்கே இலக்கம் 1990. பேச ஏலாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலித்தாலோ நாலு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அழைத்துவிட்டு, வரும்வரை கொடுத்துக்கொண்டிருங்கள்.

இரண்டாவது, இன்ஹேலர் பாவிப்பவர்களுக்கு. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இன்ஹேலரையும் கொண்டுபோங்கள். வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், "டொக்டர், நான் எடுக்கிறது சரியோ எண்டு பாருங்கோ." நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். வளர்ந்தவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் அதை மட்டும் தனியே கொடுத்து விடுவதை உலகளாவிய வழிகாட்டல்கள் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் என் சகோதரிகளுக்கு. நீங்கள் ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காசு அனுப்புகிறீர்கள், மருந்து அனுப்புகிறீர்கள். நாளைக்கு வீடியோவில் கதைக்கும்போது "மருந்து எடுத்தனீங்களோ" என்று கேட்காதீர்கள். "அம்மா, எடுத்துக் காட்டுங்கோ பார்ப்பம்" என்று கேளுங்கள். வாயால் புகை வெளியே வந்தால், அடுத்த பார்சலில் சொக்லேற்றோடு ஒரு ஸ்பேசரையும் வையுங்கள். பிழை பிடிக்கும் குரலில் கேட்காதீர்கள். அந்தத் தாதி கேட்ட குரலில் கேளுங்கள்.

அம்மாவின் கதையை முடிக்கிறேன். அன்று அந்தத் தாதி ஒரு ஸ்பேசரைக் கொடுத்துப் பழக்கினார். இரண்டு மாதத்தில் அம்மாவின் இரவு இருமல் குறைந்தது. நான் கூட்டிய மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். அதன் பிறகு அவர் இருந்த ஒன்பது வருடத்தில் முட்டுக்காக ஒரே ஒரு தடவைதான் வைத்தியசாலையில் தங்கினார். தேய்ந்த எலும்பு திரும்பி வளரவில்லை. அந்த ஆறு வருடத்தை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அவர் ஸ்பேசருக்குச் சீத்தைத் துணியில் ஒரு பை தைத்து, கிளினிக்குக்குத் தோளில் கொழுவிக்கொண்டு போவார். வரிசையில் பக்கத்தில் இருப்பவரிடம் ஆசிரியைக் குரலில் கேட்பாராம், "நீங்கள் எப்பிடி எடுக்கிறனீங்கள்? காட்டுங்கோ பார்ப்பம்." அவருக்குப் பிறகு அந்தப் பை என்னிடம் இருக்கிறது. இந்தக் குழாயை இன்று அதில்தான் கொண்டுவந்தேன்.

மண்டப வாசலில் மேசை போட்டிருக்கிறோம். இன்ஹேலர் பாவிப்பவர்கள் தேநீருக்குப் போகும் முன் அங்கே வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அந்த மேசையில் இருக்கப்போகும் எனக்கும் தெரியாமல் இருந்த விஷயம்தான் இது.